கடற்பசு யாருக்குச் சொந்தம்?

சென்ற தவணைப் பரீட்சையில் உயிரினப் பாகுபாடு பற்றி ஒரு வினா வந்திருந்தது. பேரிராச்சியம், இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என எட்டுப் படிகளையும் வரிசை பிசகாமல் எழுதினேன். கேட்கப்பட்ட கணங்களின் இயல்புகளையும் ஒன்று விடாமல் எழுதினேன். முழுப் புள்ளி கிடைத்தது. விடைத்தாளை வாப்பாவிடம் காட்டியபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமை நோன்பு விடுமுறை வரைதான் நீடித்தது.

விடுமுறைக்கு உம்மாவின் ஊருக்கு, கற்பிட்டிப் பக்கம் போயிருந்தோம். ஒருநாள் அஸருக்குப் பிறகு உம்மம்மா கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கடலுக்குப் போய்வந்த மாமா ஒரு செய்தி சொன்னார். தூரத்துக் கரையொன்றில் ஒரு கடற்பசு செத்து ஒதுங்கியிருக்கிறதாம். வலையில் மாட்டி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் செத்திருக்கும் என்றார். பக்கத்தில் இருந்த தம்பி கேட்டான்: "மாமா, கடற்பசு எண்டா மீனா, மாடா?"

மாமா என்னைக் காட்டினார். "ராத்தாக்கிட்டக் கேளு. அவதானே டொக்டராகப் போறவ."

நானும் சும்மா இருக்கவில்லை. "மீனும் இல்ல, மாடும் இல்ல. அது முலையூட்டி. சைரீனியா வருணம். உயிரோட இருக்கிறதுல யானதான் அதுக்குக் கிட்டின சொந்தக்காரர்ல ஒண்டு" என்று ஒப்புவித்தேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். உம்மம்மா சிரிக்கவில்லை. துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யானைக்குச் சொந்தமெண்டு ஆரு மகள் கண்டது? என்னண்டு தெரியும்?"

"ஒரு புத்தகத்துல வாசிச்சன் உம்மம்மா."

"செரி. புத்தகம் எழுதினவங்களுக்கு என்னண்டு தெரியும்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. முழுப் புள்ளி எடுத்த விடைத்தாளில் எட்டுப் படிகளும் இருந்தன. ஆனால் ஓர் உயிரினத்தை ஒரு படியில் வைப்பதற்கான காரணம் அதில் எங்கும் இல்லை. வினாத்தாள் அதைக் கேட்கவுமில்லை, நான் அதை எண்ணிப் பார்க்கவுமில்லை.

பாடசாலை திறந்த பிறகு நூலகத்திலும் வேறு நூல்களிலும் அந்தப் பதிலைத் தேடினேன். தேடத் தேட எனக்குள் ஓர் எண்ணம் உறுதியானது. பாகுபாடு என்பது பெயர்ப்பட்டியல் அல்ல. அது ஒரு வழக்கு. சாட்சிகள் உண்டு, எதிர்வாதம் உண்டு, புதிய சாட்சி வந்தால் தீர்ப்பு மாறுவதும் உண்டு. நாமோ வழக்கைப் பார்க்காமல் தீர்ப்பை மட்டும் மனனம் செய்கிறோம். இது மாற வேண்டும் என்பதே என் கருத்து.

கடற்பசுவின் வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் அதன் பெயர்கள். தமிழில் கடற்பசு என்கிறோம். ஆவுளியா என்றும் ஒரு பெயருண்டு. சிங்களத்தில் 'முஹுது ஊரா', அதாவது கடற்பன்றி. ஒரே விலங்கு ஒரு மொழியில் பசுவாகவும் அடுத்த மொழியில் பன்றியாகவும் இருக்கிறது. ஒரு முஸ்லிம் வீட்டில் இந்த இரண்டு சொற்களும் எவ்வளவு தூரமானவை என்று நான் சொல்லத் தேவையில்லை! உடம்பைப் பார்த்தாலோ மீன் போலத் துடுப்பும் வாலும். பெயரையும் தோற்றத்தையும் நம்பினால் மூன்று பேர் மூன்று பெட்டிகளில் அதைப் போடுவார்கள்.

இந்தத் தடுமாற்றம் பெரிய அறிஞர்களுக்கும் இருந்தது. நாம் இன்றும் பயன்படுத்தும் இருசொற் பெயரீட்டு முறையை நிலைநாட்டிய சுவீடன் நாட்டவரான கரோலஸ் லினேயஸ், 1735 இல் வெளியிட்ட தம் நூலின் முதற் பதிப்பில் திமிங்கிலங்களை மீன்களோடு சேர்த்திருந்தார். 1758 இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் தம் முடிவைத் தாமே மாற்றி, அவற்றை முலையூட்டிகளுக்குள் கொண்டுவந்தார். முலையூட்டிகள் என்ற வகுப்புக்கு அந்தப் பெயரும் அப்பதிப்பில்தான் கிடைத்தது.

அதே பதிப்பில் அவர் யானையையும், கடற்பசுவின் உறவான மனாட்டியையும் ஒரே வருணத்தில் வைத்தார். அடடா, அன்றே சரியாகச் சொல்லிவிட்டாரே என்று தோன்றும். ஆனால் அதே வருணத்தில் மரத்தில் தொங்கும் சுலொத், நம் காடுகளில் உள்ள அழுங்கு ஆகியவையும் இருந்தன. முன்பற்கள் இல்லை என்பதே அவற்றை அவர் ஒன்று சேர்த்த காரணம். யானையின் தந்தங்கள் உண்மையில் மேல்தாடையில் நீண்டு வளர்ந்த முன்பற்கள்தாம் என்பது இன்று நமக்குத் தெரியும். ஆக யானையும் மனாட்டியும் பக்கத்தில் இருந்தது சரி, அதற்குச் சொன்ன காரணம் பிழை. எங்கள் பல்தேர்வு வினாத்தாளாக இருந்தால் அவருக்குப் புள்ளி கிடைத்திருக்கும். 'ஏன்' என்று கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

அடுத்து வழக்கு பாரிஸ் நகருக்குப் போனது. 1816 இல் ஹென்றி டி பிளேன்வில் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் கடற்பசுக் கூட்டத்தை யானையோடு சேர்க்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டே, அக்காலத்தின் மிகப் பெரிய உடலமைப்பியல் அறிஞரான ஜோர்ஜஸ் கூவியே அவற்றைத் தாவரம் உண்ணும் திமிங்கிலங்களாகத் தம் நூலில் வைத்தார். பெயரின் பெருமையைப் பார்த்தால் கூவியே பக்கம்தான் சாயத் தோன்றும். ஆனால் காலம் சேர்த்த சாட்சிகள் பிளேன்வில்லின் பக்கம் நின்றன.

அந்தச் சாட்சிகளை எடைபோடுவது எப்படி? இதைத்தான் நான் வகுப்பில் கற்றிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் கல்லூரியின் காலைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெள்ளைச் சீருடை, வெள்ளைப் பர்தா அணிந்த நூற்றுக்கணக்கான மாணவியர். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் வாசலில் நின்று பார்த்தால் எல்லோரும் ஒன்று போலவே இருப்போம். அதனால் நாம் அனைவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அவர் சொன்னால் சிரிப்போம். சீருடை இடத்துக்காக அணிந்தது, பிறப்பால் வந்ததல்ல. கடலில் வாழும் விலங்குகளுக்குத் துடுப்பும் மீன் போன்ற உடம்பும் அப்படித்தான். நீரில் விரைந்து செல்ல அந்த வடிவம் உதவுவதால் மீனுக்கும், திமிங்கிலத்துக்கும், கடற்பசுவுக்கும் அது தனித்தனியாக வந்தது. கடல் கொடுத்த சீருடையைக் கொண்டு உறவைச் சொல்ல முடியாது.

பொதுவாக இருக்கும் எல்லாமே சாட்சியாகவும் முடியாது. கடற்பசு பாலூட்டுகிறது, மாடும் பாலூட்டுகிறது, எனவே இரண்டும் சொந்தம் எனலாமா? பூனையும் வௌவாலும்கூடப் பாலூட்டுகின்றனவே. எல்லா முலையூட்டிகளுக்கும் பழைய மூதாதையிடமிருந்து வந்த இயல்பு அது. அவற்றுக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்பதை அது சொல்லாது.

அப்படியானால் எதுதான் சொல்லும்? வகுப்பறையிலிருந்தே இன்னோர் உதாரணம் தருகிறேன். ஒரு நாள் பாடசாலைக்கு வராதவள் தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறாள். அவளுடையதைப் பார்த்து இன்னொருத்தி எழுதுகிறாள். முதல் தோழி ஒரு சொல்லை வழக்கத்துக்கு மாறாகப் பிழையாக எழுதியிருந்தால் அந்தப் பிழை மூன்று கொப்பிகளிலும் இருக்கும். சரியாக எழுதிய சொற்கள் யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று காட்டிக்கொடுப்பதில்லை. அந்தப் புதுப் பிழைதான் காட்டிக்கொடுக்கிறது. உயிரியலாளர்களும் இதைத்தான் தேடுகிறார்கள். எல்லோருக்கும் பழையதாக வந்த இயல்பை விட்டுவிட்டு, ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றி அதன் வழித்தோன்றல்களுக்குக் கடத்தப்பட்ட இயல்பைத் தேடுகிறார்கள். இந்த முறையைத் தெளிவாக வகுத்து 1950 இல் நூலாக எழுதியவர் வில்லி ஹெனிக் என்ற ஜேர்மனியப் பூச்சியியலாளர்.

இப்போது கடற்பசுவைப் பாருங்கள். வளர்ந்த ஆண் கடற்பசுவுக்கு மேல்தாடையில் இரண்டு தந்தங்கள் உண்டு. யானையைப் போல அவையும் முன்பற்களே. பசுவின் மடி பின்கால்களுக்கு இடையில் இருக்கிறது. திமிங்கிலத்தின் பாற்சுரப்பிகளும் உடம்பின் பின்பகுதியில்தான். யானைக்கோ முன்கால்களுக்கு இடையில் இரண்டு. கடற்பசுவுக்கும் முன்துடுப்புகளின் அடியில் இரண்டு. இதயத்தை வெட்டிப் பார்த்தால் யானைக்கும் கடற்பசுக் கூட்டத்துக்கும் அதன் கீழ்முனை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இவை எவையும் நீந்துவதற்காக வந்தவை அல்ல. யானை நீரில் வாழ்வதுமில்லை. சீருடைக்கு அடியில் மறைந்திருக்கும் குடும்பச் சாயல் இதுவே.

பிறகு உயிர்ச்சுவடுகள் வந்தன. ஜமைக்காத் தீவில் கிடைத்த, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு விலங்கின் எலும்புகளை 2001 இல் டரில் டொம்னிங் என்ற ஆய்வாளர் விவரித்தார். மண்டையோடும் விலாவெலும்புகளும் கடற்பசுக் கூட்டத்தினுடையவை. ஆனால் அதற்கு நிலத்தில் நடக்கக்கூடிய நான்கு கால்கள் இருந்தன.

அதற்கு முன்பே, 1990களில், டி.என்.ஏ. சாட்சியும் வந்துவிட்டது. டி.என்.ஏ. தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்யப்படும்போது சிறு மாற்றங்கள் சேர்கின்றன. கொப்பியின் பிழைகளைப் போலவே அவையும் வழியைக் காட்டுகின்றன. 1998 இல் யானை, கடற்பசு, ஆபிரிக்காவின் சில சிறு விலங்குகள் ஆகியவற்றை ஒன்றாக்கி 'ஆபிரோதீரியா' என்ற பெருங்குழு முன்மொழியப்பட்டது. இக்குழுவில் யானைக்கும் கடற்பசுவுக்கும் மிக நெருங்கிய இன்னோர் உறவு, முயலளவே இருக்கும் ஹைராக்ஸ். அரேபியாவின் மலைப் பாறைகளிலும் வாழும் இதை அரபியில் 'வப்ர்' என்பார்கள். உருவத்தைப் பார்த்தால் யாரும் யானையின் சொந்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

பசு என்ற பெயருக்கு உண்மையில் நெருங்கியது எது தெரியுமா? திமிங்கிலம். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் ஆட்டின் கணுக்கால் எலும்பைப் பார்த்திருப்பீர்கள். இரு முனையிலும் கப்பி போலப் பள்ளம் விழுந்திருக்கும். ஆடு, மாடு, மான் போன்ற இரட்டைக் குளம்பு விலங்குகளின் அடையாளம் அது. கால்கள் இருந்த பண்டைத் திமிங்கிலங்களின் எலும்புகள் பாகிஸ்தானில் கிடைத்தபோது அவற்றின் கணுக்காலிலும் அதே வடிவம் இருந்தது. 2001 இல் இது வெளியானது. டி.என்.ஏ.யும் அதற்கு முன்பே அதையே சொல்லியிருந்தது. ஆக, கடலில் பசுவுக்குச் சொந்தம் திமிங்கிலமே தவிரக் கடற்பசு அல்ல.

இதையெல்லாம் சொன்னால் தோழியர் சிலர் கேட்பார்கள்: "இன்று ஒன்று, நாளை ஒன்று என்று மாறும் பாகுபாட்டை எப்படி நம்புவது?" நியாயமான கேள்வி. அதற்கு நம் நாட்டு யானையின் கதை ஒன்றே போதும்.

சின்ன வயதில் மத்ரஸாவில் நாம் மனனம் செய்த 'பீல்' ஸூறாவின் பெயரே யானைதான். அந்த யானைக்கு லினேயஸ் 1758 இல் 'எலிபஸ் மக்சிமஸ்' என்று பெயரிட்டார். அது இலங்கையில் வாழ்வதாகவும் எழுதினார். அப்போது ஆசிய யானை, ஆபிரிக்க யானை என்ற பிரிவு அவரிடம் இல்லை. பெயரிடும்போது அவர் சான்றாகக் கொண்டவற்றுள் ஒன்று, மதுசாரத்தில் பாதுகாக்கப்பட்ட, பிறக்காத ஒரு யானைக் குட்டியின் உடல். அது இன்றும் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நூதனசாலையில் இருக்கிறது. பின்னாளில் ஆசிய யானை வேறு, ஆபிரிக்க யானை வேறு என்று பிரிக்கப்பட்டபோது அந்தப் பெயர் ஆசிய யானைக்கு உரியதாயிற்று. ஆனால் அந்தக் குட்டியின் தோற்றத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பழைய டி.என்.ஏ.யையும் புரதத்தையும் ஆராய்ந்து 2013 இல் முடிவு சொன்னார்கள். அது ஆபிரிக்க யானைக் குட்டி!

ஆசிய யானை என்ற பெயருக்குச் சான்றாக இருந்த உடல் ஆசிய யானையே அல்ல. இனி என்ன செய்வது? லினேயஸ் தம் நூலில் ஜோன் ரே என்ற ஆங்கிலேய அறிஞரின் 1693 ஆம் ஆண்டு நூலையும் சுட்டியிருந்தார். ரே, இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் தாம் கண்ட ஒரு யானை எலும்புக்கூட்டைப் பற்றி அதில் எழுதியிருந்தார். அந்த எலும்புக்கூட்டைத் தேடினார்கள். அது அங்கேயே இருந்தது. அது ஹான்ஸ்கன் என்ற பெண் யானையினுடையது. 1630 அளவில் இலங்கையில் பிறந்து, குட்டியாகவே கப்பலில் ஒல்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ஐரோப்பிய நகரங்களில் வித்தை காட்ட வைக்கப்பட்டு, 1655 இல் புளோரன்ஸில் செத்துப்போன யானை. ஓவியர் ரெம்பிராண்ட் 1637 இல் அதை வரைந்திருக்கிறார். இன்று உலகின் ஆசிய யானைகள் அனைத்துக்கும் பெயர்ச்சான்றாக நிற்பது இலங்கையில் பிறந்த அந்த யானையின் எலும்புக்கூடுதான்.

250 ஆண்டுகளுக்கு மேல் யாரும் கவனிக்காத ஒரு பிழை. அதைக் கண்டவர்கள் மூடி மறைக்கவில்லை. சான்றோடு சொன்னார்கள், திருத்தினார்கள். மாறுகிறது என்பதற்காக நான் பாகுபாட்டை நம்பாமல் விட மாட்டேன். சான்று வந்தால் மாறத் தயாராக இருப்பதனால்தான் நம்புகிறேன். மாறுவது எல்லாமும் அல்ல. கடற்பசு மீனல்ல என்பது மாறப்போவதில்லை. பல திசைகளிலிருந்து வந்த சாட்சிகள் ஒன்றையே சொல்லும்போது தீர்ப்பு உறுதியாகிறது.

இன்னொரு தயக்கத்தையும் நேராகப் பேச விரும்புகிறேன். கூர்ப்பு என்ற சொல் வரும்போது எங்கள் வகுப்புகளில் ஒரு மௌனம் விழுகிறது. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்த மௌனத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. எனக்கும் ஈமான் பெரிது. மனிதனின் படைப்பைப் பற்றி எழும் கேள்விகளை நான் ஆலிம்களிடமும் கற்றறிந்தவர்களிடமும் கேட்டு வருகிறேன், இன்னும் கேட்பேன். ஆனால் மனதில் ஏற்காத ஒன்றைப் புள்ளிக்காக எழுதிவிட்டு வருவது அறிவுக்கும் நேர்மையல்ல, மார்க்கத்துக்கும் நேர்மையல்ல. கேள்வி இருந்தால் கேட்க வேண்டும், சான்று இருந்தால் பார்க்க வேண்டும். ஒட்டகத்தை உற்றுப் பார்க்குமாறு அழைக்கும் வேதத்தை ஓதுகிறவர்கள் நாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அல்ஜாஹிழ் 'கிதாபுல் ஹயவான்' என்று விலங்குகளைப் பற்றிப் பெரும் நூல் எழுதினார். அதில் அரிஸ்டோட்டிலின் கூற்றுகளைக்கூட அவர் கேள்வி கேட்காமல் விடவில்லை. அவருடைய பெயரை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். அவருடைய கேட்கும் பழக்கத்தை அல்லவா நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்?

"இதற்கெல்லாம் நேரம் எங்கே? பாடத்திட்டம் பெரிது, பரீட்சை நெருங்குகிறது" என்று சொல்வார்கள். உயர்தரம் படிக்கும் எனக்கு இது தெரியாததல்ல. எங்கள் ஆசிரியைகள் மேலதிக வகுப்பு வைத்தும் முடிக்கத் திணறுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. எல்லா உயிரினங்களுக்கும் வழக்கு நடத்தச் சொல்லவுமில்லை. ஒரு தவணையில் ஒரு விலங்கு போதும். அதன் வழக்கை முழுமையாகப் பார்த்தால் மற்றவற்றை மனனம் செய்வதும் இலகுவாகும். காரணம் தெரிந்தது மறப்பதில்லை. செய்முறை வகுப்பில் மாதிரிகளின் பெயர்ச்சீட்டைக் கழற்றிவிட்டு, இது எங்கே சேரும், ஏன் என்று எங்களையே வாதிட விடலாம். தவணைப் பரீட்சையில் 'காரணம் தருக' என்ற இரு சொற்களைச் சேர்க்கலாம். இவற்றுக்குப் பணம் தேவையில்லை, பெரிய ஆய்வுகூடமும் தேவையில்லை.

பாகுபாடு வெறும் பரீட்சை விடயம் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அன்று கரையில் செத்து ஒதுங்கிய விலங்கை நினைத்துப் பாருங்கள். பெயரை மட்டும் அறிந்தவருக்கு அது ஒரு மாடு போன மாதிரி. நாட்டில் இன்னும் எத்தனையோ மாடுகள் இருக்கின்றன. உறவு மரத்தைப் பார்த்தவருக்கு அப்படியல்ல. சைரீனியா வருணத்தில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவை நான்கே இனங்கள். மூன்று மனாட்டிகள், ஒரு கடற்பசு. கடற்பசுவின் குடும்பத்தில் அது ஒன்றுதான் மீதி. அதே குடும்பத்தில் இன்னோர் இனம் வட பசிபிக் கடலில் இருந்தது. ஜோர்ஜ் ஸ்டெல்லர் என்ற இயற்கையியலாளர் அதை 1741 இல் கண்டு விவரித்தார். வேட்டையாடி வேட்டையாடி, 1768 இல் அது முற்றாக அழிந்தது. கண்டறிந்து 27 ஆண்டுகள்தான்.

மன்னார் வளைகுடாவிலும், பாக்கு நீரிணையிலும், புத்தளம் கற்பிட்டிக் கடலிலும் கடற்புல் மேயும் இந்த விலங்கு சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. ஆனால் ஒரு பெண் கடற்பசு ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரேயொரு குட்டியைத்தான் ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் செல்லும். ஒன்று போனால் அந்த இடம் எளிதில் நிரம்பாது. இந்தக் கடைசிக் கிளையும் முறிந்தால் ஒரு குடும்பமே முடிந்துவிடும். உறவை அறிந்தால்தான் இழப்பின் அளவும் தெரிகிறது. இதைக் கடற்கரை ஊர்களுக்குச் சொல்ல வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. அந்த ஊர்களிலிருந்து வந்து இந்தக் கல்லூரியில் படிக்கும் நாமே சொல்லலாம். ஆனால் "புத்தகத்தில் இருக்கிறது" என்று சொன்னால் உம்மம்மாவைப் போன்றவர்கள் ஏற்க மாட்டார்கள். ஏற்கவும் கூடாது.

பெருநாளுக்குப் பிந்திய ஒரு வார இறுதியில் மீண்டும் ஊருக்குப் போனேன். உம்மம்மாவிடம் தந்தத்தைச் சொன்னேன், பாற்சுரப்பிகள் இருக்கும் இடத்தைச் சொன்னேன், கால் இருந்த பழைய கடற்பசுவின் எலும்பைச் சொன்னேன். பால் கொடுக்கும் இடத்தைச் சொன்னதும் தலையசைத்தார். "ஓம் மகள், முன்னால இருக்கும். எங்கட சின்ன வயசுல கரைக்குக் கொண்டாந்தப்போ நான் பார்த்திருக்கன்" என்றார். நான் புத்தகத்தில் தேடிய சாட்சி ஒன்று இவ்வளவு காலமும் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

பிறகு ஹைராக்ஸைப் பற்றியும் சொன்னேன். முயலளவு விலங்கு, அதுவும் யானைக்குச் சொந்தம் என்றேன். உம்மம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அது என்னண்டு தெரியும்?"

இந்த முறை நான் "புத்தகத்துல இருக்கு" என்று சொல்லவில்லை. "தேடிப் பார்த்துட்டுச் சொல்றன் உம்மம்மா" என்றேன்.